நீவாடு பலத்த சனிக்கிழமை

கடலுக்குப் போன படகு வெறுமனே கரையேறினால் மணப்பாட்டில் அதை யாரும் வாய்விட்டு விசாரிப்பதில்லை. படகை மணலில் ஏற்ற நாலு பேர் வந்து கை கொடுப்பார்கள். கூடையை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேச்சு போகும். மீன் கிடைக்காத நாளும் அங்கே ஒரு முழு வேலைநாள். இதை நான் ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமையில், அப்படி வெறுமனே திரும்பிய படகொன்றில் உட்கார்ந்திருந்து கற்றுக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் நிறைவாகக் கழித்த நாள்களை எண்ணச் சொன்னால் அந்த நாளை முதல் சிலவற்றுக்குள் வைப்பேன்.

எனக்குக் கடல் சொந்தமில்லை. ஊர் உடன்குடி. பனையும் பதநீரும் கருப்பட்டியும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. மணப்பாட்டிலிருந்து வாடிக்கையாக வருகிறவர்களில் ஒருவரை நான் சிறுவயதிலிருந்தே அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியிருந்தேன். தூண்டில் தொழில்காரர். கருப்பட்டி வாங்க வரும்போது சும்மா வரமாட்டார். காய்ந்த சீலாத் துண்டோ நெத்திலியோ ஒரு பொட்டலம் கொண்டுவருவார். கடைப் பலகையில் உட்கார்ந்து அவர் கடலைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். கேட்கக் கேட்க ஒருநாள் கூடப் போகவேண்டும் என்ற ஆசை பெருகியது. "பங்குனியில வாங்க தம்பி. கச்சான் காத்து கெளம்புறதுக்கு முன்ன கடல் பாயை விரிச்சாப்பல கெடக்கும்" என்பார் ஒவ்வொரு தடவையும்.

2007இல் அது கூடி வந்தது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த நான் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக ஊர் வந்திருந்தேன். அந்த வருடம் உத்திரமும் குருத்தோலை ஞாயிறும் ஒட்டி ஒட்டி வந்தன. ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டில் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை என்று முடிவானது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விட்டேன். தவக்காலம் ஆதலால் ஊர் அடங்கியிருந்தது. மணல் மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலுக்குப் பெண்கள் சிலுவைப் பாதைக்காக ஏறிக்கொண்டிருந்தார்கள். 1581இல் கட்டிய கோயில் அது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகையும் அந்த மேட்டின் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இவையெல்லாம் பழைய வரலாறாகத் தோன்றுவதில்லை. வீட்டு முற்றத்தைப் போல அங்கே போய்வருகிறார்கள். அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் படுத்தேன். அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மதினி கருப்பட்டிக் காபி கொண்டுவந்து எழுப்பினார். "எங்க வீட்டுக் கருப்பட்டிதான்" என்றேன். "அதான் உங்களுக்கும் அதையே தாறோம்" என்று சிரித்தார். அண்ணாச்சி, அவர் தங்கை மகன், இன்னொரு இளைஞர், நான் என்று நான்கு பேர். சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுதான். தோள் கொடுத்துத் தள்ளினோம். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். மூவரும் கடல் நீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்கள். என்ஜினைப் பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார் தங்கை மகன்.

கரையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் சுட்ட நிலம் இரவில் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் பின்னிரவில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் போகும். பகலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பிவிடும். பாய்மரக் காலத்தில் இந்தக் கணக்கில்தான் தொழில் நடந்தது என்றார் அண்ணாச்சி. போகும்போது கரைக்காற்று தள்ளிக்கொண்டு போகும், வரும்போது கடல்காற்று கொண்டுவந்து சேர்க்கும். அந்தக் காற்றில் விறகுப் புகையின் மணமும் கருவாட்டு மணமும் கலந்து வந்தன. போகப் போக மணம் தேய்ந்து ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. கரையை விட்டுவிட்டோம் என்பதை மூக்குதான் முதலில் சொன்னது.

முழுநிலவுக்கு இரண்டு நாள் இருந்தது. பனங்காட்டுக்கு மேலே நிலா இறங்கி மறைந்ததும் நல்ல இருட்டு சூழ்ந்தது. அப்போதுதான் படகின் இருபுறமும் தண்ணீர் ஒளிரக் கண்டேன். படகின் முகப்பான அணியம் கிழித்துப் போகும் இடமெல்லாம் பச்சையும் நீலமுமாக ஒரு வெளிச்சம் எழுந்து, பின்னால் போய் அவிந்தது. கையை விட்டேன். விரல் ஐந்துக்கும் ஐந்து ஒளிக்கோடுகள். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைபட்டால் இப்படி ஒளிவிடும் என்று படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் எதையும் குறைக்கவில்லை. கையை எடுக்க மனமில்லாமல் குனிந்தபடியே இருந்தேன். "கை வலிக்கும், தம்பி. வேல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

பொழுது புலரும்போது கரை ஒரு கோடாகியிருந்தது. இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

கடலுக்கடியில் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். கீழே, பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், மணல் வெளிக்கு நடுவே பார் கிடக்கும். பாகம் என்றால் இரு கையையும் விரித்த நீளம். விளைமீனும் கலவாவும் அந்தப் பாரை ஒட்டித்தான் மேயும். சற்றுத் தள்ளி நங்கூரக் கல் போட்டால் நாள் முழுக்க மணலில் தூண்டில் போட்டதாகிவிடும். அண்ணாச்சி எழுந்து நின்று கரையைப் பார்த்தார். கோயில் சிலுவை, கலங்கரை விளக்கம், தெற்கே ஒரு மணல் மேடு, வடக்கே பனங்கூட்டம் என்று எதையெல்லாமோ கணக்கிட்டார். முன்னால் நிற்கும் ஒன்றும் பின்னால் நிற்கும் ஒன்றும் நேர்கோட்டில் வந்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு பக்கத்தில் அதேபோல இன்னொரு சோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். "கொஞ்சம் வடக்க... இன்னும்... போதும்ல, நிப்பாட்டு." தங்கை மகன் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த ஜிபிஎஸ்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இருவர் சொன்னதும் ஒன்றுதான். அண்ணாச்சியின் கண்ணில் எத்தனை தலைமுறையின் பார்வை சேர்ந்திருக்கிறது என்று நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. பார் இருக்கும் இடம் எந்தத் தாளிலும் எழுதப்படாமல், அப்பன் மகனுக்குக் காட்டிக் காட்டியே வந்து சேர்ந்திருக்கிறது.

கல்லை இறக்கினார்கள். என் ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டார் அண்ணாச்சி. தூண்டில் நரம்பு விரலை அறுக்காமலிருக்க அது. கணவாய்த் துண்டை முள்ளில் எப்படிக் குத்துவது என்று காட்டினார்: ஓரத்தில் குத்தினால் மீன் உருவிக்கொண்டு போய்விடும், உள்ளே ஏற்றி, திருப்பி, முள்ளின் முனை மட்டும் தெரியும்படி விடவேண்டும். பிறகு ஈயத்தைத் தண்ணீரில் விட்டேன். நரம்பு விரலின் மேல் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று பாரம் போய்விட்டது.

"தரையத் தொட்டுட்டு. இப்பம் ஒரு முழம் தூக்கிப் பிடிங்க. விரல்ல வச்சுக் கேளுங்க."

கேளுங்க என்றுதான் சொன்னார். விரலால் கேட்பதை அன்றுதான் பழகினேன். ஈயத்தை மெதுவாகத் தூக்கி இறக்கினால் அடியில் என்ன இருக்கிறது என்று நரம்பு சொல்லும். மணலில் அது மெத்தென்று அமரும். சேற்றில் அமர்ந்தால் தூக்கும்போது ஒரு பிடிப்பு இருக்கும், விடமாட்டேன் என்பதுபோல. பாரில் பட்டால் 'டக்' என்று ஒரு சின்ன அதிர்வு விரல் எலும்புவரை வரும். எழுபது அடிக்குக் கீழே, கண்ணால் ஒருநாளும் காணப்போகாத ஒரு தரை, என் விரலின் முதல் கணுவில் மேடும் பள்ளமுமாக விரிந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் நான் மீனை மறந்தேபோனேன். ஈயத்தைத் தட்டித் தட்டி அந்தத் தரையில் நடந்துகொண்டிருந்தேன்.

மீன் கடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பொடி மீன்கள் இரையைக் கொறிப்பதைத் தனியாகத் தெரிந்துகொண்டேன். அது துடிதுடியென்று அவசரமாக இருக்கும். விளைமீன் என்றால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரே இழுப்பு என்றார். கலவா கடித்ததும் பார்ப் பொந்துக்குள் நுழையப் பார்க்கும்; விட்டால் நரம்பு பாறையில் தேய்ந்து அறுந்துபோகும். இதையெல்லாம் கேட்டபின் ஒவ்வொரு அதிர்வும் ஒரு கேள்வியாக வந்தது. ஒருமுறை நரம்பு சட்டென்று லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் முள்ளும் இல்லை, ஈயமும் இல்லை. கத்தியால் அறுத்த மாதிரி ஒரு முனை. "பேத்தை" என்றார் தங்கை மகன், அந்த முனையை ஒரு தடவை பார்த்ததுமே. பேத்தையின் பல் நான்கும் கிளியின் அலகுபோல இருக்கும். அதன் உடம்பில் நஞ்சு இருப்பதால் எடுத்தாலும் வீசத்தான் வேண்டும்.

பத்து மணிக்கு மேல் சங்கதி தெளிவாகிவிட்டது. நீவாடு பலத்துவிட்டது. நீரோட்டத்தை அங்கே நீவாடு என்பார்கள். முழுநிலவும் அமாவாசையும் நெருங்கும் நாள்களில் ஏற்ற இறக்கம் கூடுவதால் ஓட்டமும் கூடும். நேராக இறங்கவேண்டிய நரம்பு சாய்ந்து சாய்ந்து தெற்கே போனது. பெரிய ஈயம் கட்டினார்கள், அதுவும் நிற்கவில்லை. இரை தரையில் கிடந்தால்தான் விளைமீன் எடுக்கும். இரை அந்தரத்தில் பறந்தால் எப்படி எடுக்கும்? போதாததற்குத் தண்ணீர் தெளிந்து கிடந்தது. இறங்கும் ஈயம் வெகு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு அழகாகத் தெரிந்த அதே தெளிவில் மீனுக்கு நரம்பு தெரிந்துவிடும் என்றார்கள். சொறி மீன்கள் வேறு கூட்டம் கூட்டமாக வந்தன, வெள்ளைக் குடைகளாக விரிந்தும் சுருங்கியும். ஒன்று நரம்பில் மோதிச் சிதறியது. அந்த நரம்பைத் தொட்ட கை அரைமணி நேரம் எரிந்தது.

கல்லைத் தூக்கி வேறு பாருக்குப் போனோம். அங்கும் அதே நீவாடு. இன்னும் வெளியே போனோம். போகும் வழியில் ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தன. "சாளை கொதிக்கிது!" என்று கத்தினார் மூன்றாமவர். அடியில் பெரிய மீன் விரட்ட, சாளைக் கூட்டம் மேலே வந்து தண்ணீர் கொதிப்பதாகத் தெரியும். ஆலாக்கள் மேலிருந்து அள்ளும். என்ஜினை முழு வேகத்தில் விட்டார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அடங்கிவிட்டது. வெள்ளிச் செதில்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் மெதுவாகச் சுழன்றபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. நான்கு பேரும் படகின் ஓரத்தில் குனிந்து அதையே பார்த்தோம். வருடக்கணக்காகக் கடலில் கிடப்பவர்கள் அதை ஒரு புதுக் காட்சியாகப் பார்த்தார்கள் என்பதை நான் கவனித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நடுப்பகலில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பழைய கஞ்சி, சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு, தேங்காய்த் துவையல். கொண்டல் காற்று மெல்ல எழுந்திருந்தது. கஞ்சி குடித்துக்கொண்டே அண்ணாச்சி தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "எங்கய்யா முத்துக்குளிச்சவரு." தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அப்போது இவர் சிறுவன். அப்பாவைப் பார்க்க அழைத்துப் போனார்களாம். சிப்பிக் குவியல்கள் அழுகிக் கிடந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது என்றார். முத்துப் பார்கள் மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கின்றன. தோலாயிரம் பார் என்ற பெயரை எங்கள் பக்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் முத்துக்குளிப்பு வருடா வருடம் நடக்காது. முன்கூட்டியே ஆளை இறக்கிச் சிப்பியை எடுத்துப் பார்ப்பார்கள். பக்குவம் இல்லையென்றால் அந்த வருடம் இல்லை. சில வேளை தொடர்ந்து பல வருடங்கள் இல்லை. ஒரு வருடம் நிறைந்து கிடந்த சிப்பி அடுத்த வருடம் மணலில் புதைந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். 1961க்குப் பிறகு மறுபடி குளிப்பு வரும் வரும் என்று அவர் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். "அவரு காத்திருந்தத வச்சுப் பாத்தா இதெல்லாம் ஒரு காத்திருப்பா?" என்று என் நரம்பைக் காட்டினார். அவர் குரலில் வருத்தம் இல்லை. அப்பாவைப் பற்றிய பெருமைதான் இருந்தது.

அன்று அவ்வளவு ஆனந்தமாக இருந்ததற்கு என்ன காரணம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு அதில் நட்டம் இல்லை, அதனால்தான் என்று யாராவது சொன்னால் அதில் பாதி உண்மை. மண்ணெண்ணெய்க்கும் கணவாய்க்கும் கொடுத்த காசு அவர்களுடையது. மீன் வந்திருந்தால் செலவைக் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, என்ஜினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கொரு பங்கு என்று பிரித்திருப்பார்கள். வராததால் செலவு அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது கணக்கில் ஏறும். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மறு பாதியைச் சொல்கிறேன். அந்தப் படகில் நான் மட்டும் சந்தோஷமாக இல்லை. அண்ணாச்சி காலையிலிருந்து ஓயாமல் எதையோ சேகரித்துக்கொண்டிருந்தார். நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பாரில் எவ்வளவு வேகம், தண்ணீர் எவ்வளவு தெளிவு, சொறி எதுவரை வந்திருக்கிறது, ஈயத்தில் ஒட்டி வந்த சேறு என்ன நிறம், எல்லாவற்றையும் பார்த்து மருமகனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடிப் பார்த்தேன். வேலையில் மூழ்கிய ஒருவரின் தெளிவுதான் தெரிந்தது. அந்த முழுக் கவனத்தில் எனக்கும் ஒரு மூலை இடம் கொடுத்தார்கள். சென்னையில் ஒரு வருடத்தில் நான் எதையும் அப்படி முழுசாகக் கவனித்ததில்லை. ஒரு விரலில் மனம் முழுவதும் வந்து உட்கார்ந்திருந்த அந்த மணிகளில் பசியும் வெயிலும் தெரியவில்லை. அடுத்த கணம் எது வேண்டுமானாலும் வரலாம் என்ற நினைப்பு கடைசி நிமிடம்வரை தணியவில்லை.

இரண்டு மணியளவில் ஓர் ஆமை மூச்சுவிட மேலே வந்தது. படகிலிருந்து ஓர் ஆள் நீளத் தூரம்தான். ஓட்டில் பாசி படிந்திருந்தது. எங்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தலையைக் கவிழ்த்து இறங்கிப் போனது. அதன்பின் அண்ணாச்சி, "போதும், நரம்பச் சுத்துங்க" என்றார். நான் மட்டும் மனசில்லாமல் மெதுவாகச் சுற்றினேன். கடைசிப் பாகம் கைக்கு வரும்வரை ஏதாவது தட்டுமா என்று விரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

திரும்பும்போது கொண்டல் பின்னாலிருந்து தள்ளியது. முதலில் கோயில் சிலுவை தெரிந்தது, அப்புறம் மணல் மேடு, அப்புறம் வெள்ளைக் கோடாக அலை. கரையில் படகை ஏற்ற ஆள்கள் வந்தார்கள். கூடையைப் பார்த்தார்கள். "நீவாடா?" என்றார் ஒருவர். "வெளிப்பார் வரைக்கும்" என்றார் அண்ணாச்சி. பேச்சு முடிந்தது. சாளை வலை போட்டுவந்த பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் இரண்டு கை நிறைய அள்ளி எங்கள் கூடையில் போட்டுவிட்டுப் போனார். கறிக்கு. கேட்டு வாங்குவதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. இன்னொரு நாள் அந்தப் படகு வெறுமனே வந்தால் இங்கிருந்து போகும். செலவுக்கு நானும் கொடுக்கிறேன் என்பதுபோல ஏதோ சொல்லி மண்ணெண்ணெய்க்குப் பணம் எடுத்தபோது அண்ணாச்சி என் கையை மடக்கிச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

ஊருக்குள் மறுநாள் பவனிக்கான குருத்தோலை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பனைகளிலிருந்து வெட்டியவை. அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். மதினி வைத்த சாளைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.

சென்னைக்குத் திரும்பிய வாரத்தில் அப்பா போன் செய்தார். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் அண்ணாச்சியின் படகுக்கு விளைமீன் நிறைய ஏறியதாம். பெரிய வெள்ளி நெருங்கியதால் நல்ல விலையும் கிடைத்ததாம். அந்த வீட்டார் எல்லோருக்கும் சந்தோஷம் என்றார். எந்தப் பாரில் எடுத்தார்கள், எத்தனை பாகம், நீவாடு எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டேன். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அடுத்த தடவை அண்ணாச்சி கருப்பட்டி வாங்க வரும்போது கேட்டுவைப்பதாகச் சொன்னார்.